பூச்சுக்குக் கீழே

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இதில் உள்ள சங்கடம் குளிர்ப் பிரதேசத்துக்காரர்களுக்குத்தான் தெரியும். தண்ணீரால் குளிரும் காரில் எஞ்சினின் வெந்நீரையே திருப்பிவிட்டு உள்ளே சூடேற்றிக்கொள்ளலாம். போக்ஸ்வாகன் பீட்டிலிலும், 1998 வரை காற்றால் குளிரும் எஞ்சினோடு வந்த போர்ஷே 911இலும் அந்த வசதி கிடையாது. ஆகவே புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகடுக் கூடு அமைத்து, நடுவில் காற்றை ஓட்டி, சூடேறிய காற்றைக் காருக்குள் அனுப்பினார்கள். குழாய்க்குள் புகை, குழாய்க்கு வெளியே சுவாசிக்கும் காற்று. இடையில் ஒரு மெல்லிய இரும்பு. இந்தக் கூடுகள் துருப்பிடிக்கும். பழைய கார்களில் பிரியமுள்ளவர்கள் அவற்றைக் கழற்றி, மணல் அடித்து, பீங்கான் பூச்சு கொடுத்துப் புதிதாக்குகிறார்கள். ஆனால் மணலும் பூச்சும் சுலபமாக எட்டுவது கூட்டின் வெளிப்புறத்தைத்தான். உள்ளே குழாய் ஓட்டையாகியிருந்தால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்ஸைடு அந்தப் பளபளக்கும் கூட்டின் வழியாகவே காருக்குள் வரும்.

பொதிகையின் அடிவாரத்தில், பாபநாசத்தில், கார் ஹீட்டருக்கு வேலையில்லை. ஆனால் காற்றால் குளிரும் எஞ்சின், துருப்பிடித்த புகைக்குழாய், பூச்சைப் பற்றிய குழப்பம் மூன்றும் எங்கள் வீட்டு வாசலில் பல வருஷம் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. அது அப்பாவின் புல்லட்.

அப்பா மில் தொழிலாளி. ஹார்வி சகோதரர்கள் 1880களில் அருவித் தண்ணீரின் விசையை நம்பி இந்த மலையடியில் ஆரம்பித்த மில் அது. அவர் வாங்கிய வண்டி, 1955இல் திருவொற்றியூரில் ஆரம்பித்த என்ஃபீல்டு இந்தியாவின் பழைய வார்ப்பு: 346 சி.சி., வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட். ஆயுத பூஜைக்கு முன்தினம் ஒரு சிறு டப்பா சில்வர் பெயிண்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுவார். பெண்ட் பைப், சைலன்சர், எஞ்சின் எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்டுதான். மறுநாள் சந்தனமும் குங்குமமும் அதன்மேல் ஏறும். அவர் இறந்த பிறகு வண்டியை யாரும் தொடவில்லை.

போன வருஷம் நான் அதைப் பிரித்தேன்; பிரித்தவர் மெக்கானிக் அண்ணாச்சி, நான் சுரண்டினேன். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் போகப்போக அடுக்குகள் தெரிந்தன. வெள்ளி, கறுப்பு, மறுபடி வெள்ளி, நடுவில் யாரோ அடித்த ஒரு பச்சை. விமர்சனம் எழுதும் பழக்கமுள்ளவனுக்கு இது ஆபத்தான காட்சி. ஒவ்வொரு அடுக்கையும் ஒரு வருஷமாக, ஒரு மனோநிலையாக வாசிக்கத் தோன்றும். அண்ணாச்சி அதைப் படிமமாக எடுத்துக்கொள்ளவில்லை. "துருவ எடுக்காம மேல மேல பூசியிருக்கு ஸார். பெயிண்டுக்கு அடியில தண்ணி நின்னு அரிச்சிட்டு" என்றார். சுரண்டிய இடத்தில் விரலை வைத்தால் தகடு அமுங்கியது.

சிலிண்டரின் கதை வேறு. காற்றால் குளிரும் எஞ்சினுக்கு விலா விலாவாகத் தகடுகள் இருப்பது காற்று படும் பரப்பைப் பெருக்கி, வெப்பத்தை வெளியேற்ற. அந்த விலாக்களுக்கு நடுவே பெயிண்டும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து திட்டுத்திட்டாக இறுகியிருந்தன. குழாய்க்குப் பெயிண்டு போதவில்லை; எஞ்சினுக்கு அதுவே போர்வையாகிவிட்டது. வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும் என்பதால் சிலிண்டருக்கு மிக மெல்லிய கறுப்பு ஒன்று வேண்டும். அலுமினிய ஹெட்டைச் சுத்தம் செய்து வெறுமனே விட்டுவிடலாம்.

அலங்காரம், மெருகு, பூச்சு என்ற சொற்களை நம் வட்டத்தில் வசையாகவே உபயோகித்து வந்திருக்கிறோம். பூச்சைச் சுரண்டிவிட்டால் அடியில் சத்தியம் இருக்கும் என்பது நம் நம்பிக்கை. எனக்கு அடியில் கிடைத்தது துரு. இரும்பைக் காற்றிலும் தண்ணீரிலும் வெறுமனே விட்டால் அதன் உண்மை வெளிப்படுவதில்லை. அது இரும்பாக இருப்பது நின்றுபோகிறது. ஆகவே ஒரு பூச்சைப் பார்த்ததும் முகம் சுளிக்கும் விமர்சனம் எனக்குப் போதவில்லை. அடியில் சுத்தம் செய்யப்பட்டதா, அந்த இடத்தின் வேலைக்கு அது உதவுகிறதா, தடுக்கிறதா என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விகளை ஒரு கவிதையின் சொற்களிடமும் கேட்கலாம். பதில் விலாவுக்கு ஒன்றாகவும் குழாய்க்கு ஒன்றாகவும் வரும்.

"பைப்புக்கும் சைலன்சருக்கும் குரோம் அடிச்சிருவோம் ஸார், கம்பெனியில இருந்து வந்த மாதிரி ஆயிரும்" என்றார் அண்ணாச்சி. குரோம் என்று நாம் பார்க்கும் பளபளப்பில் குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. துருவைத் தடுப்பது அதன் அடியிலுள்ள தடித்த நிக்கல். முலாம் தொட்டியில் இருக்கும் குரோமிக் அமிலமோ விஷம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை 1995இல் மூடப்பட்டபோது, விட்டுப்போன கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல். அங்கே செய்தது தோல் பதனிடத் தேவையான உப்புகள். வண்டிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது இதே குரோமியத்தின் விஷ வடிவம்தான்.

முலாம் பட்டறை ஒன்றுக்குப் போனேன். குழாயைக் கொடுக்குமுன் பின்பக்கம் பார்த்தேன். கழுவிய நீர் மஞ்சளாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன். நண்பர் ஒருவர், ஒரு சைலன்சரை வைத்து நதியைக் காப்பாற்றப் பார்ப்பது ஒழுக்க ஆடம்பரம் என்றார். கணக்கில் அவர் சொல்வது சரி. ஆனால் நான் இருக்கும் ஊர் பாபநாசம். பாவம் போகவேண்டுமென்று ஜனங்கள் இங்கே தாமிரபரணியில் முங்கி, உடுத்த துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். பாவத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. துணி எங்கும் போவதில்லை; கற்களுக்கிடையே சிக்கிக் கிடக்கிறது, குளிப்பவன் காலில் சுற்றுகிறது. என் குழாயின் பளபளப்புக்கும் அப்படி ஒரு மீதி உண்டு என்று பார்த்த பிறகு, அதைச் சிறிய அளவு என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அரித்துப்போன இடத்தை வெட்டித் தகடு வைத்து வெல்டு செய்தோம். உலோகம் வெளுப்பாகத் தெரியும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, விரல் எண்ணெய் படாமல், சிலிக்கோன் பிசினில் அலுமினியத் தூள் கலந்த பெயிண்டை இரண்டு முறை மெல்லியதாக அடித்தோம். அறுநூறு டிகிரி வரை தாங்கும் ஜாதி. காற்றில் அது உலர மட்டும்தான் செய்யும். இறுகுவதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டை எஞ்சினே கொடுக்கிறது. சில நிமிஷம் ஓட்டி, ஆறவிட்டு, பிறகு கொஞ்சம் அதிகமாக ஓட்டினோம். முதல் தடவை குழாய் முழுக்கப் புகைந்தது. அம்மா பயந்துபோய் வெளியே வந்தாள். இப்போது அது மங்கிய சாம்பல் நிறம். தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

உட்புறத்தை எந்தப் பூச்சும் எட்டவில்லை. பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும். குழாய் முழுதும் சூடாகுமுன் எஞ்சினை நிறுத்தினால் அது உள்ளேயே தண்ணீராகத் தங்கி அரிக்கும். கிட்டத்து ஓட்டம்தான் சைலன்சருக்கு எமன் என்கிறார் அண்ணாச்சி. ஆகையால் பாங்குக்கு, அம்பாசமுத்திரம் வரை, புல்லட்டில் போகிறேன். டீக்கடைக்கு நடந்து போகிறேன்.