முதுமைக்கேற்ற உறையுள்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. அவற்றுள் உண்டியும் உடையும் நாடோறும் மாற்றத்தக்கன. ஒருநாள் குறைவுபடினும் மறுநாள் நிரப்பிக்கொள்ளலாம். உறையுளோ அவ்வாறு எளிதில் மாற்றத்தக்கதன்று. இளமையில் ஒரு வீடு ஒவ்வாதாயின் தட்டுமுட்டுகளை வண்டியிலேற்றி வேறு வீடு புகுவோம். அறுபதை அணுகினார்க்கு அஃது அரிய செயல். ஆகலின், பணியினின்று ஓய்வெய்துவார் எவ்விடத்து வாழ்தல் தக்கது என்னும் வினா ஒரு குடும்பத்தின் அமைதியையே தன்னுள் அடக்கியதாகும். பத்தொன்பது வயதினராகிய யாம் இதனைப்பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயினும் இவ்வாண்டு எம் இல்லத்தில் இவ்வினா எழுந்து பல ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. அக்காலத்து யாம் கண்டனவற்றையும் எண்ணினவற்றையும் ஈண்டுக் கூறத் துணிந்தோம்.

எம் தந்தையார் பிறந்தது தென்பாண்டி நாட்டில் செம்மணல் தேரி சூழ்ந்த ஒரு சிற்றூர். இளமையிலேயே வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு லேத்துப் பட்டறையிற் சேர்ந்தார். முப்பத்துமூன்று ஆண்டுகளாக இரும்பைக் கடைந்துகொண்டிருக்கின்றார். வரும் ஆண்டில் அவர்க்கு 58 வயது நிறைகின்றது. அம்பத்தூரிலேயே வாடகை வீட்டில் இத்தனை ஆண்டும் கழிந்தன. எம் தமக்கையார் மணம்புரிந்து போரூருக்கப்பால் வாழ்கின்றார். யாமோ இன்னும் கல்லூரியில் இருக்கின்றோம். இந்நிலையில், “இனி எங்கே இருப்பது?” என்று எம் அன்னையார் ஒருநாள் இரவு கேட்டார். அவ்வொரு சொல்லே எம் குடும்பத்தின் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாயாயிற்று.

சென்னைக்கு மேற்கேயுள்ள இந்நிலம் ஓய்வெய்தினார்க்குப் புதியதன்று. 1781-இல் சர் அயர் கூட் கைப்பற்றிய திருப்பாச்சூர்க் கோட்டைப் பகுதி பிற்காலத்தில் கும்பெனியாரின் ஓய்வூதியம் பெற்ற ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்குமிடமாயிற்று. பூவிருந்தவல்லியெனவும் வழங்கும் பூந்தமல்லியில் இருந்த பட்டாளத் தண்டிலே, நோயுற்ற சிப்பாய்கள் உடல் தேறுதற்பொருட்டு வைக்கப்பட்டனர். நகரத்துக்கு அண்மையும், நகரத்தின் நெருக்கடிக்குச் சேய்மையும் அந்நாளிலேயே இப்பகுதிக்குச் சிறப்பாயின. 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதற் புகைவண்டி ஓடியபொழுது, அதன் பாதை இப்பகுதியின் வழியாகவே சென்றது.

விடுதலைக்குப் பின்னர் இந்நிலம் உழைப்பாளரின் நிலமாயிற்று. 1955 சனவரியில் ஆவடியிற் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் அமைப்பதே தன் நோக்கமெனத் தீர்மானித்தது. 1961-இல் அங்கே கனரக ஊர்திச் சாலை நிறுவப்பட்டது. 1965-இல் விசயந்தா என்னும் கவச ஊர்தி அதனினின்று வெளிவந்தது. அம்பத்தூரில் 1960-களில் தொழிற்பேட்டை எழுந்தது. பல மாவட்டங்களினின்றும் இளைஞர் வந்து நிறைந்தனர். அன்று வேலைக்கு வந்த இளைஞரே இன்று கைத்தடியூன்றி ஏரிக்கரையில் உலாவும் முதியோராயினர். வேலைக்கென்று அமைந்த ஊர் ஓய்வுக்கும் உரிய ஊராகுமோ என்பதே யாம் ஆராய வேண்டியதாயிற்று.

முதற்கண் பொருளைப்பற்றிச் சொல்லுவோம். அரசுப் பணியாளர்க்கும் தனியார் பட்டறையில் உழைத்தார்க்கும் ஓய்வூதியத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பணிபுரிந்த ஆண்டுகளைக் கணக்கிற்குரிய ஊதியத்தாற் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். 2014 செப்டம்பரில் அவ்வூதியத்தின் வரம்பு 15,000 ரூபாயென்றும், ஓய்வூதியத்தின் கீழெல்லை 1,000 ரூபாயென்றும் வகுத்தனர். அவ்வரம்பின்படி முப்பத்தைந்து ஆண்டு உழைத்தார்க்கும் மாதம் 7,500 ரூபாய்க்குமேல் வருதல் அரிது. எம் தந்தையார் ஒரு பழைய நாட்குறிப்பின் பின்பக்கத்தில் இக்கணக்கை மும்முறை போட்டுப் பார்த்தார். மும்முறையும் ஒரே விடை வந்தது. அத்தொகையை வாடகைக்குக் கொடுத்தால் அரிசிக்கில்லை. அரிசிக்கு வைத்தால் மருந்துக்கில்லை. கோவை முதலிய இடங்களில் முதியோர்க்கெனக் கட்டப்படும் அழகிய குடியிருப்புகளின் விளம்பரங்களை யாமும் கண்டதுண்டு. அவை எம் தந்தையார்போல்வார்க்கு எட்டாத கனிகள்.

ஆகவே, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் யாங்கள் மூவரும் வீடு பார்க்கப் புறப்பட்டோம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. மருத்துவமனை, கடைத்தெரு, மின்சார ரயில் யாவும் அண்மையில் உள. வாடகையும் அதற்கேற்ப உயர்ந்துளது. 2019-இல் தானே மாநகராட்சியாகிய ஆவடியில் வாடகை சற்றுத் தாழ்வு. அங்குப் பருத்திப்பட்டு ஏரியைச் சூழ நடைபாதையும் பூங்காவும் அமைத்துள்ளனர். காலையில் அங்கே முதியோர் கூட்டங் கூட்டமாய் நடந்து, பின்னர் அமர்ந்து, நடந்த நேரத்தினும் மிகுந்த நேரம் உரையாடுவதைக் கண்டு மகிழ்ந்தோம். பூந்தமல்லியிற் புதிய அடுக்குமாடி வீடுகள் பல. பெங்களூர் நெடுஞ்சாலையிற் பேருந்துகளுக்குக் குறைவில்லை. கலங்கரை விளக்கத்தினின்று அவ்வூருக்கு மெட்ரோத் தடமும் வகுத்துள்ளனர்.

இவ்வலைச்சலில் யாம் கற்ற முதற்பாடம், தரகர் கூறும் நிமிடம் வேறு, முதியோர் நடக்கும் நிமிடம் வேறு என்பதாம். “ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம்” என்று ஒரு தரகர் கூறிய வீட்டுக்கு, முழங்கால் நோவுடைய எம் அன்னையார் நடந்து சேர இருபத்தாறு நிமிடம் ஆயிற்று. தரகர் தம் மோட்டார் வண்டியைக் கொண்டு கணக்கிட்டார் போலும்! மற்றொரு வீடு காற்றும் ஒளியும் நிறைந்து எம் மனத்தைக் கவர்ந்தது. ஆனால் மூன்றாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி இல்லை. எம் அன்னையார் படிகளை எண்ணிக்கொண்டே ஏறி, “ஐம்பத்துநான்கு” என்று மட்டும் சொல்லி, உள்ளே புகாமலே இறங்கிவிட்டார். அன்றுமுதல் மருந்துக்கடைக்கு எத்தனை அடி, பால் வாங்க எத்தனை அடி, கோயிலுக்கு எத்தனை அடி என்று அளப்பதே எம் வழக்கமாயிற்று.

இரண்டாம் பாடம் நீரைப்பற்றியது. இம்மேற்றிசை ஊர்கள் ஏரிகளின் நாடு. அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு, செம்பரம்பாக்கம் என ஒவ்வொன்றும் தன் கலங்கல் வழியே வழிந்து தாழ்வை நாடும். அவ்வழியில் வீடு கட்டினார்க்கு ஏரி தன் உரிமையை நினைவூட்டாமற் போகாது. 2015 டிசம்பரிற் செம்பரம்பாக்கத்தினின்று திறந்துவிட்ட நீர் அடையாற்றங்கரைக் குடியிருப்புகளை மூழ்குவித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் வெள்ளம் புகுந்தது. எம் தந்தையாரின் லேத்து இயந்திரம் இடையளவு நீரில் நின்றது. இளைஞர் வெள்ளத்தில் நீந்தியேனும் வெளியேறுவர். முதியோர் யாது செய்வர்? ஆதலின் வீட்டின் வெளிச்சுவரில் நீர்க்கறை உளதா என்று பார்ப்பதையும், தெருமுனையில் இட்டிலி விற்கும் பாட்டியாரை வினவுவதையும் மேற்கொண்டோம். “கார்த்திகையில் வந்து பார், அப்போது தெரியும்” என்று ஒரு பாட்டியார் கூறிய அறிவுரையைவிடச் சிறந்ததை எவரும் எமக்குக் கூறவில்லை.

பிறந்த ஊருக்கே மீளலாமே என்றனர் உறவினர். அங்கே பாட்டனார் கட்டிய ஓட்டு வீடு உண்டு, வாடகையில்லை, காய்கறி மலிவு. எம் தந்தையாரும் ஒரு திங்கள் அவ்வெண்ணத்தில் மூழ்கியிருந்தார். பள்ளி விடுமுறையில் உடன்பிறந்தார் மகனைப் பார்க்கும் சாக்கில் சென்று பத்து நாள் தங்கியும் வந்தார். திரும்பியபொழுது அவர் முகம் வாடியிருந்தது. உடன் விளையாடினோரிற் பலர் மறைந்தனர். எஞ்சியோர் மும்பைக்கும் திருப்பூருக்கும் பெயர்ந்தனர். தெருவில் எதிர்ப்பட்ட இளைஞர், “யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?” என்று வினவினராம். பிறந்த ஊரில் அவ்வினாவைக் கேட்டல் எத்துணைத் துயரம் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை; யாமும் வினவவில்லை.

எம் தமக்கையாரோ பூந்தமல்லியில் தம் வீட்டுக்கு அண்மையில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாங்கவேண்டும் என்றார். வைப்புநிதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தால் எஞ்சியதைத் தாம் கடனாக எடுப்பதாகவும் கூறினார். அன்பினாற் கூறிய சொல்லே அது. யாமும் அதனை ஆதரித்தோம். பெற்றோர் அருகிருந்தால் பிள்ளைகளுக்குக் கவலையில்லையன்றோ? எம் தந்தையார் நெடுநேரம் வாளாவிருந்து, “என்னை அங்கே யாருக்குத் தெரியும்?” என்றார். அதற்கு எம்மில் எவரும் விடைகூற இயலவில்லை. எம் அன்னையாரும் தம் கருத்தை வெளியிட்டார்: “வீடு சிறியதானாலும் சாவி எங்கள் கையில் இருக்கட்டும், அம்மா.” பிள்ளைகள்மேல் ஐயங்கொண்டு அவர் அதனைக் கூறவில்லை. பேணுவார் என்னும் உறுதியின்பேரில் சொத்தைக் கொடுத்துவிட்டுக் கைவிடப்பட்ட முதியோர் அக்கொடையை நீக்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டதென்றால், அத்தகைய துயரம் நாட்டிற் பல்கியிருந்தமை தெளிவு.

புறநானூற்றில் பிசிராந்தையார் என்னும் புலவர், ஆண்டு முதிர்ந்தும் தமக்கு நரை தோன்றாமையின் காரணங்களைக் கூறுகின்றார். மனை, மக்கள், ஏவலர், வேந்தன் என அடுக்கிவந்து, தம் ஊரவரின் உயர்வையே இறுதிக் காரணமாக வைத்தார். வகுப்பில் இதனைக் கற்றபொழுது பழம்புலவர் ஒருவரின் நயமான விடையென்றே கொண்டோம். எம் தந்தையாரின் வினாவைக் கேட்ட பின்னரே அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. அவர் தளர்ந்து ஒருநாள் வெளிவாராதொழிந்தால், தேநீர்க்கடைக்காரர் கேட்பார். பட்டறைத் தோழர் கதவைத் தட்டுவார். கோயிற் பெரியவர் ஆளனுப்புவார். முப்பத்துமூன்று ஆண்டில் அவர் தேடிய செல்வம் அதுவே. அதனை எந்த வங்கியின் வழியாகவும் பூந்தமல்லிக்கு மாற்றிக்கொள்ள இயலாது.

முடிவில், அம்பத்தூருக்கு அடுத்த நிலையமாகிய திருமுல்லைவாயிலில் ஒரு கீழ்த்தள வீட்டைப் போக்கியத்துக்கு எடுக்க உறுதிசெய்தனர். வைப்புநிதியில் ஒரு பகுதியை வீட்டுடையாரிடம் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டால் மாதவாடகை இல்லை. தவணை முடிந்தபின் அத்தொகை மீளும். ஓய்வூதியம் உணவுக்கும் மருந்துக்கும் எஞ்சும். அறைகள் இரண்டே, சமையலறையில் இருவர் நிற்பின் மூன்றாமவர்க்கு இடமில்லை. ஆயினும் பழைய தோழர்கள் மிதிவண்டியில் வந்துசேரும் தொலைவு. கார்த்திகை மழையில் ஒருநாள் சென்று தெருவைப் பார்த்துவந்தோம். கணுக்காலளவு நீர் நின்றது, மறுநாட் காலையில் வடிந்தது. எம் தமக்கையார்க்கு மனக்குறை சிறிது உண்டு; ஞாயிறுதோறும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.

இவ்விதழைப் படிக்கும் முன்னாள் மாணவருட் பலர் ஓய்வை நோக்கி நிற்பர். எம்போன்ற மாணவரோ பெற்றோரின் ஓய்வை நோக்கி நிற்கின்றோம். மாணவ நண்பர்களே, பெற்றோர்க்கு வீடு தேடப் புகுவீராயின், மனையின் விலையோடு படிகளையும் எண்ணுங்கள். மழைக்காலத்தில் தெருவைச் சென்று காணுங்கள். நமக்கு எது வசதி என்று எண்ணுமுன், அவரை அறிந்தோர் எங்கே உளர் என்று அவரையே வினவுங்கள். விடை கூற அவர் சற்றுக் காலந்தாழ்ப்பாராயினும் பொறுத்திருங்கள்.