கட்டமா, கிறுக்கலா, கேள்விக்குறியா?

கணினி மக்கர் செய்யும்போது நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை அதைத் திட்டுவது. இரண்டாவது வேலை, கண்ணில் பட்ட விசைகளையெல்லாம் தட்டிப் பார்ப்பது. மூன்றாவதுதான், "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று யாரையாவது அழைப்பது. நான் பேரவையில் இருந்த ஆண்டுகளில் அந்த 'யாராவது' பெரும்பாலும் நானாகவே இருந்தேன். இத்தனைக்கும் நான் கணினித் துறை மாணவன் அல்லன். தமிழில் தட்டச்சு செய்யத் தெரிந்தவனுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்று நண்பர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவைப் பொய்யாக்காமல் இருக்க நானும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படிக் கற்றவற்றில் ஒன்று இன்றுவரை எனக்குக் கைகொடுக்கிறது. கோளாறு தெரிந்தவுடன் முதலில் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். பிறகு, திரையில் உண்மையில் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவருக்குச் சொல்லும் முறையும் இதுதான். நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று தெளிந்த பிறகே மருந்து. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது கணினியின் முன் உட்கார்ந்தவனுக்கும் பொருந்தும்.

சின்னத் தொல்லைகள்

அஞ்சல் முறையில் தட்டச்சு செய்வோருக்கு ண, ள, ற ஆகிய எழுத்துகளுக்கு ஷிப்ட் விசை தேவை. அடுத்த சொல்லை யோசித்துக்கொண்டே அந்த விசையை ஐந்து முறை தொடர்ந்து தட்டிவிட்டால் ஒரு சிறு ஒலியுடன் 'ஸ்டிக்கி கீஸ்' என்ற பெட்டி திரையில் குதிக்கும். இது வைரஸ் அன்று. இரண்டு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்த இயலாதோருக்காக விண்டோஸ் வைத்திருக்கும் நல்ல வசதி. தேவையில்லாதவர்கள் 'வேண்டாம்' என்று விடை சொல்லிவிட்டு, அணுகல் வசதிகளுக்கான அமைப்புப் பக்கத்தில் அந்தக் குறுக்குவழியை நிறுத்திவிடலாம்.

இன்னொரு தொல்லை, நம்மைப் போல் மலாய், ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றிலும் எழுதுவோருக்கே உரியது. மலாய்மொழியில் இடுபணி எழுதிக்கொண்டிருப்போம். திடீரென்று தமிழ் எழுத்துகள் வந்து விழும். விரல் தவறி ஆல்ட், ஷிப்ட் இரண்டும் சேர்ந்து அழுந்தியிருக்கும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் பழைய மொழிக்குத் திரும்பலாம். விசைப்பலகையின் மேம்பட்ட அமைப்புகளில், ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனி உள்ளீட்டு முறை வைத்துக்கொள்ளும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்துவிட்டால் ஒரு பக்கம் மலாய் இடுபணியும் மறுபக்கம் தமிழ்க் கவிதையும் சண்டையின்றி வாழும்.

இவை நேரத்தைத் தின்னும் தொல்லைகள், அவ்வளவே. எழுதியதையே தின்னக்கூடிய தொல்லை வேறு.

மூன்று அறிகுறிகள்

தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறக்கிறோம், தமிழைக் காணோம். அப்போது திரையில் தெரிவது என்ன? கட்டங்களா, கிறுக்கல்களா, கேள்விக்குறிகளா? மூன்றும் ஒன்றுபோல் எரிச்சலூட்டும். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தால் கவலை வேண்டாம். எழுத்துகள் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வரைந்து காட்டும் எழுத்துருதான் அந்தக் கணினியில் இல்லை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது அன்றாடக் காட்சி. வட்டார மொழி அமைப்புகளுக்குள் சென்று, சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவும் சிறு பெட்டியில் குறியிட வேண்டும். அதற்கு நிறுவல் குறுந்தட்டையும் கேட்கும். கணினிக்கூடத்து இயந்திரங்களில் மாணவர்களுக்கு அந்த உரிமை இல்லை என்பதால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. அதே காரணத்தால் சில நிரல்களில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்கு முன்னே நிற்காமல், புள்ளி வட்டத்தோடு பின்னே போய் நிற்கும். யுனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது இயங்குதளத்தின் வேலை. அந்த வேலையைச் செய்யும் பகுதி இல்லாவிட்டால் 'கெ' உடைந்து நிற்கும்.

இன்றும் நகலகத்துக்குக் கோப்பை எடுத்துச் செல்பவர்கள் இதைச் சந்திக்கலாம். நம் மடிக்கணினியில் அழகாக இருந்த அட்டைப்பக்கம் அங்கே வேறு எழுத்துருவில் கோணலாகத் தெரியும். வேர்ட் கோப்பாகக் கொடுக்காமல் பிடிஎஃப் ஆகச் சேமித்துக் கொடுத்தால் எழுத்துருவும் கூடவே போகும்.

இரண்டாவது அறிகுறி கிறுக்கல். தலையில் கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், மறுபடியும் ஏ, மறுபடியும் ஆர் என்று ஓடினால் அது யுனிகோடுத் தமிழ். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மூன்றையும் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகக் கணினி படித்துவிட்டது. எக்செலில் உறுப்பினர் பட்டியலைத் திறக்கும்போது இப்படி நேர்ந்தால், கோப்பை நேரடியாகத் திறக்காமல் 'டேட்டா' பகுதி வழியாக இறக்குமதி செய்து, 65001 என்ற எண்ணுடைய யுடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்தால் பெயர்கள் திரும்பிவிடும். கிறுக்கல் வேறு விதமாக இருந்தால் அது யுனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கமாக இருக்கலாம். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்றாவது அறிகுறி கேள்விக்குறி. கோப்பு முழுவதும் கேள்விக்குறிகளாகவே இருந்தால் அங்கே எழுத்து இல்லை. தமிழே தெரியாத ஒரு குறியாக்கத்தில் யாரோ சேமித்துவிட்டார்கள். ஒவ்வொரு தமிழ்க் குறிக்குப் பதிலாகவும் கணினி ஒரு கேள்விக்குறியை வைத்துவிட்டது. எந்த எழுத்துருவைப் போட்டாலும் அது திரும்பாது. விண்டோஸின் நோட்பேட் நெடுங்காலம் 'ஆன்சி' முறையிலேயே சேமிக்க முனைந்தது. எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி வரும். நாம் படிக்காமலே 'சரி' என்று தட்டிவிடுவோம். 2019இல்தான் புதிய கோப்புகளுக்கு யுடிஎஃப்-8 இயல்பு முறையாயிற்று.

ஏன் இத்தனை குழப்பம்?

தமிழைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்கள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை என்பதே காரணம். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். அங்கங்கே பலரும் தத்தம் எழுத்துருக்களைச் செய்தார்கள். ஒருவர் முறையில் எழுதியது மற்றவர் கணினியில் கிறுக்கலாகத் தெரிந்தது. இதற்குத் தீர்வு தேடித்தான் நா. கோவிந்தசாமியின் முயற்சியில் 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடும், 1999இல் சென்னையில் அடுத்த மாநாடும் நடந்தன. இணையத்தில் கூடிய ஆர்வலர்கள் திஸ்கியை வகுத்தார்கள். தமிழ்நாட்டு அரசு 1999இல் டாப், டாம் என்ற முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. யுனிகோடில் தமிழுக்கு 1991இலேயே 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் லதா எழுத்துருவோடு அது நம் மேசைக்கு வந்தது. ஆகவே அந்தக் காலத்து மாணவர் இதழ்கள் பலவும் ஒரு குறியாக்கத்தில் தொடங்கி வேறொன்றில் முடிந்தவை.

பேரவை அலமாரியில்

2023இல் பேரவை அறையைத் துப்புரவு செய்த தம்பி தங்கைகள் ஒரு காலணிப் பெட்டி நிறையக் குறுந்தட்டுகளைக் கண்டெடுத்து என்னை அழைத்தார்கள். பழைய ஆண்டிதழ்களின் கோப்புகள் அவை. திறந்து பார்த்தால் எல்லாம் கிறுக்கல். "கெட்டுப்போச்சுண்ணா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்டார் செயலாளர்.

முதலில் எல்லாவற்றையும் வன்தட்டில் படி எடுத்துக்கொண்டோம். மூலக் கோப்பில் கை வைப்பதில்லை, எதையும் 'சேமி' என்று தட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். பிறகு கிறுக்கல்களைப் பார்த்தோம். 2002ஆம் ஆண்டுக் கோப்புகளில் ஆங்கிலச் சொற்களும் எண்களும் சரியாக இருந்தன; தமிழ் மட்டுமே குழம்பியிருந்தது. 'தமிழ்' வரவேண்டிய இடத்தில் முக்கால் என்னும் பின்னக் குறி முதலிலும், அமெரிக்க நாணயத்தின் சென்ட் குறி நடுவிலும் நின்றன. அது திஸ்கி. வேறு சில கோப்புகளில் ஆங்கில எழுத்துகளே வரிசையாக இருந்தன. ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் உள்ளே கிடப்பது அதுதான். நல்லவேளையாக, பெயர் தெரியாத ஒரு சீனியர் அதே குறுந்தட்டில் எழுத்துருக்களையும் ஒரு கோப்புறையில் போட்டு வைத்திருந்தார். அவற்றை நிறுவி, எழுத்துருவை மாற்றியதும் பக்கம் பக்கமாகத் தமிழ் எழுந்து வந்தது. அதைப் பார்த்த முதலாமாண்டு மாணவி ஒருவர் கைதட்டியே விட்டார். பிறகு குறியாக்க மாற்றியால் யுனிகோடுக்கு மாற்றி, அச்சிதழோடு ஒப்பிட்டுத் திருத்தினோம்.

ஒரு கோப்பை மட்டும் மீட்க முடியவில்லை. ஓய்வுபெற்ற தோட்டப்பள்ளி ஆசிரியை ஒருவரை 2006இல் மாணவர்கள் கண்ட நேர்காணல் அது. ஆண்டிதழில் இரண்டு பக்கச் சுருக்கம் மட்டுமே வந்தது. அவர் பேசியது முழுவதும் அந்தக் கோப்பில் இருந்தது. திறந்தால் கேள்விக்குறிகள். இடைவெளிகள் அப்படியே இருந்தன. எது கேள்வி, எது பதில், எங்கே நீண்ட நேரம் பேசியிருக்கிறார் என்பதுகூடத் தெரிந்தது. ஒரு சொல்லும் தெரியவில்லை. அந்த ஆசிரியை இப்போது உயிரோடு இல்லை. இனி யாரிடமும் கேட்க முடியாது.

நண்பர்களே, இன்றைய விண்டோஸில் தமிழ் 99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே வருகின்றன. எழுத்துருவைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. ஆனால் பழைய கோப்புகள் தாமாக மாறிக்கொள்ள மாட்டா. நாம் எரித்த குறுந்தட்டுகளும் என்றென்றும் நிலைப்பவை அல்ல. அவற்றைப் படிக்கும் கருவி உள்ள மடிக்கணினிகளும் அருகிவிட்டன. முன்னாள் மாணவர்கள் தங்கள் வீட்டு இழுப்பறைகளில் பேரவைக் குறுந்தட்டு ஏதும் கிடக்கிறதா என்று இந்த விடுமுறையில் பார்த்து, இருந்தால் பேரவைக்கு அனுப்பி வையுங்கள். புதிய செயலவையினர் ஒவ்வோர் இதழையும் யுனிகோடு மூலக் கோப்பாகவும் பிடிஎஃப் ஆகவும் இரண்டு இடங்களில் வையுங்கள். கிறுக்கலாகத் தெரியும் எதையும் அழித்துவிடாதீர்கள். கிறுக்கல் படிக்கக்கூடிய தமிழ்தான். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறோம்.