ஸ்டெப்னி குழியைப் பாத்தீங்களா தம்பி?

ஒரகடம் கம்பெனிகள்ல வேலை பாக்கற தம்பிங்க சிலர் இப்போ பழைய பி.எம்.டபிள்யூ விலை விசாரிக்கறாங்க. ஆசை நியாயம்தான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல, மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில 2007லேர்ந்து அந்த கார் அசெம்பிள் ஆகுது. அதுக்காக ஸ்பேர் பார்ட்ஸ் சல்லிசா கிடைக்கும்னு நினைச்சிடாதீங்க!

எனக்கு முதல் பயம் வெள்ளம். 2015 டிசம்பர்லயும் 2023 மிக்ஜாம் புயல்லயும் சென்னையில மூழ்கின கார் எல்லாமே காயலான் கடைக்குப் போயிடல. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்க, உள்ள சேத்துக்கறை இருக்கான்னு பாருங்க. கார்பெட்டைத் தூக்குங்க. ஸ்டெப்னி குழியிலயும் சீட்டுக்கு அடியில இருக்கற போல்ட்லயும் துரு ஏறியிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள சென்ட் வாசனை தூக்கலா இருந்தா, எனக்கு சந்தேகம்தான்.

மீட்டரைத் திருப்பறது சுலபம். ஸ்கேனர் போட்டா, நிறைய மாடல்ல வேற கன்ட்ரோல் யூனிட்லயும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், ரெண்டையும் ஒப்பிடுங்க. ஓனர் எத்தனாவது ஆள், லோன் முடிஞ்சுதான்னு ஆர்.சி.யைப் பரிவாகன் தளத்துல போட்டுப் பாருங்க. இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரமும் கேளுங்க.

இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணணும். நீங்க போறதுக்குள்ள சூடேத்தி வெச்சிருந்தா, டீ குடிச்சிட்டுக் கிளம்பி மறுநாள் சொல்லாம கொள்ளாம போங்க.