கோட்டை இல்லாத கோட்டைமேடு

கோவை ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம்தான் டவுன்ஹால் மணிக்கூண்டு. ஒப்பணக்காரத் தெருவில் ஜவுளிக் கூட்டம். கோனியம்மன் கோயில், கோட்டைமேட்டுப் பள்ளிவாசல், பெரியகடை வீதியின் புனித மைக்கேல் தேவாலயம் மூன்றையும் நடந்தே பார்த்துவிடலாம்.

இது கோவை தெற்குத் தொகுதி. 2021 சட்டமன்றத் தேர்தலில் பா.ஜ.க.வின் வானதி சீனிவாசன் இங்கே கமல்ஹாசனை வென்றது வெறும் 1,728 ஓட்டில். நாலைந்து தெருக்காரர்கள் மனசு மாறியிருந்தால் முடிவே வேறு! மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அப்போது அ.தி.மு.க. கூட்டணிக்கே.

பத்தே மாதம். 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் 100 வார்டுகளில் 96 தி.மு.க. கூட்டணிக்குப் போயின. 2024 மக்களவைத் தேர்தலில் அண்ணாமலை நின்றும், தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 1,18,068 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இது புதுப் பழக்கமில்லை. பஞ்சாலைகள் நிறைந்த இந்த ஊர் 1957-லும் 1977-லும் கம்யூனிஸ்ட் பார்வதி கிருஷ்ணனை டெல்லிக்கு அனுப்பியது. 1998, 1999-ல் பா.ஜ.க.வின் சி.பி.ராதாகிருஷ்ணனை அனுப்பியது.

சட்டமன்றத்துக்கு ஒரு கணக்கு, சாக்கடைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இன்னொரு கணக்கு. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் மரியாதையாக, “பார்க்கலாமுங்க” என்பார்கள். அதை ‘சரி’ என்று எடுத்துக்கொண்ட கட்சிகள்தான் ஏமாந்திருக்கின்றன.

‘கோவை எங்கள் கோட்டை’ என்று மேடையில் யாராவது முழங்கினால், அவரைக் கோட்டைமேட்டுக்குக் கூட்டி வாருங்கள். அங்கே கோட்டை பெயரில் மட்டும்தான் இருக்கிறது!