ஸ்பீக்கருக்கு நாலு ஒயர்

ஒரு வாரமா கீரைப் பாத்தியப் பத்தி எழுதாததுக்குக் காரணம் ஒரு ஜோடி ஸ்பீக்கர்.

அம்பத்தூர்ல இருக்கற என் மச்சினன் வீடு மாத்தும்போது, "மாமா, நீங்க வெச்சுக்கோங்க"ன்னு குடுத்தான். என் பழைய ஆம்ப்ளிஃபயர்ல மாட்டி இளையராஜா பாட்டு போட்டேன். தபேலா கும்முனு வந்துச்சு. ஆனா ஜால்ரா, சலங்கை எதுவும் இல்ல. கம்பளி போத்துன மாதிரி இருந்துச்சு.

எனக்கு பகீர்னு ஆச்சு. இருபது வருஷம் டீசல் இன்ஜின் பக்கத்துல நின்னு தண்ணி பாய்ச்சினவன் நான். இரைச்சல்ல காது கெட்டா கீச்சுச் சத்தம்தான் முதல்ல போகும். காது போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு நாள் வரப்புல நின்னு, மீன்கொத்தி கத்தறது கேக்குதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்.

மூணாம் நாள் வீட்டம்மாவே, "என்னங்க, டிரம்முக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு"ன்னாங்க. அப்பதான் உயிர் வந்துச்சு.

ஸ்பீக்கர் பின்னாடி ரெண்டு திருகுக்குப் பதிலா நாலு இருக்கு. மேல் ஜோடி ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி ஊஃபருக்கு. ரெண்டையும் இணைக்க சின்னத் தகடு வரும். மச்சினன் 'பை-வயரிங்' பண்ணியிருந்தானாம், அதாவது ஆம்ப்ளிஃபயர்லேருந்து ரெண்டுக்கும் தனித்தனி ஒயர். அதனால தகட்டை எப்பவோ கழட்டிப் போட்டுட்டான். நான் கீழ் ஜோடியில மட்டும் மாட்டியிருக்கேன். ட்வீட்டருக்குக் கரண்ட்டே போகல!

மோட்டாருக்குப் போட்டு மிஞ்சின காப்பர் கேபிளை வெட்டி, ஆம்ப்ளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு, சிவப்புக்கு சிவப்பு, கறுப்புக்கு கறுப்புன்னு நாலையும் மாட்டினேன். ஜால்ரா வந்துடுச்சு.

"ரெண்டு ஒயர் விட்டா சத்தம் தெளிவா இருக்கும் மாமா"ன்னான். பார்த்துடலாம்னு, காப்பர் கம்பித் துண்டால மேலயும் கீழயும் இணைச்சு ஒத்தை ஒயர்லயும் கேட்டேன். நான் திரும்பி உக்காந்துக்க, பையன் மாத்தி மாத்தி மாட்டினான். ஆறு தடவையில மூணுதான் சரியா சொன்னேன். குருட்டாம்போக்குல சொன்னாலும் மூணு வரும். ஒரே மதகுலேருந்து ரெண்டு வாய்க்கால் வெட்டினா தண்ணி கூடிடுமா? கிணத்து மோட்டாருக்கு நூறு மீட்டர் மெல்லிசு ஒயர் இழுத்தா வோல்டேஜ் இறங்கும், அது நிஜம். இங்க தூரம் நாலு மீட்டர்தான்.

ஒண்ணு மட்டும் கவனம். ரெண்டு ஆம்ப்ளிஃபயர் வெச்சு மாட்டறவங்க அந்தத் தகட்டைக் கட்டாயம் கழட்டணும். இல்லன்னா ஒண்ணை ஒண்ணு எரிச்சுடும்.

மச்சினன்கிட்ட இன்னும் சொல்லல. காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்கன்னு வீட்டம்மா சொல்றாங்க. நாத்து நட்டு முடியட்டும்.