உரித்த சுவர்

மாமா சுவரில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். கையெல்லாம் ஈரச் செந்தூள். "பூச்சை உரிச்சுப் போட்டாங்களாட்ட இருக்குது மாப்ளே" என்றார்.

பழைய கோவாவில் பொம் ஜேசு பேராலயத்தின் பக்கவாட்டில் நின்றிருந்தோம். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கலையை நம் நாட்டிலேயே பார்க்கலாம் என்று சொல்லி, எங்கள் ஊர் ஜேடர்பாளையத்திலிருந்து அவரைக் கிளப்பிக் கொண்டுவந்தவன் நான்தான். மாமா நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். சிலையும் சித்திரமும் அவருக்கு அப்புறம்தான், முதலில் சுவர்.

1594இல் வேலை தொடங்கி 1605இல் அர்ச்சிக்கப்பட்ட கோயில் இது. டோரிக், அயோனிக், கொரிந்தியன் என்று பழைய கிரேக்க, ரோமத் தூண் முறைகள் ஒரே முகப்பில் கூடியிருப்பதைப் படித்து வைத்த தெம்பில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தூணு கருங்கல்லு, சரி. சுவரு செம்புரைக்கல்லு. இதைப் போய் அம்மணமா உடுவாங்களா?" என்றார்.

உண்மையில் விட்டிருக்கிறார்கள். 1950களில், போர்த்துகீசியர் ஆட்சியிலேயே, பழமைத் தோற்றம் வரட்டும் என்று சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். படங்களில் நாம் பார்த்து மயங்கும் அந்தச் சிவப்பைக் கட்டியவர்கள் பார்த்ததே இல்லை. நானும் அதற்கு மயங்கி வந்தவன்தான். சாலைக்கு அந்தப் பக்கம் சே கதீட்ரல் பூச்சு கலையாமல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. செம்புரைக்கல் துளை துளையானது, தண்ணீரைக் குடிக்கும். கோவாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. எங்கள் பக்கம் அதில் நாலில் ஒரு பங்கு பெய்தாலே நல்ல வருஷம்.

மாமா சித்தாளாக இருந்தபோது சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்களாம். எங்கள் ஊர்க் கரும்பாலைகளில் நிறம் கறுத்து விலை போகாத வெல்லம் இப்படித்தான் பல வீட்டுச் சுவர்களுக்குள் போயிருக்கிறது. அரைத்த பதத்தை விரலில் தொட்டே சொல்லிவிடுவார்களாம். இந்தக் கதையைக் கோயிலுக்குள் போய்ப் பீடத்துக்கு முன்னால் நின்றும் விடாமல் சொன்னார். தங்க முலாம் பூசிய பீடம் அவர் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை.

பட்டது சவேரியார் கல்லறை. 1542இல் கோவாவில் இறங்கி, நம் முத்துக்குளித்துறைக் கடலோர மக்களுக்குத் தமிழில் செபம் சொல்லிக் கொடுத்த அதே சவேரியார். உடல் இருக்கும் வெள்ளிப் பேழை கோவா தட்டார்கள் செய்தது. அதைத் தாங்கும் பளிங்கு மேடையும் அதில் பதித்த வெண்கலச் சித்திரங்களும் ஃபுளோரன்ஸ் நகரத்துச் சிற்பி ஃபொஜ்ஜினியின் கைவேலை. கறாராகச் சொன்னால் அப்போது மறுமலர்ச்சிக் காலம் முடிந்து பரோக் வந்துவிட்டது. ஆனால் அனுப்பியவர் மூன்றாம் கோசிமோ. மறுமலர்ச்சியை ஊட்டி வளர்த்த மெதிச்சி குடும்பத்துக்காரர். சவேரியார் தலைக்கு வைத்திருந்த தலையணை ஒன்று கோசிமோவுக்குக் கிடைத்ததற்கான கைம்மாறு இது. துண்டு துண்டாகக் கப்பலில் வந்ததை, கூடவே வந்த ரம்போனி என்ற கலைஞர் 1698இல் இங்கே பொருத்தி நிறுத்தினார்.

"பூட்டற ஆளையும் சேர்த்து அனுப்பிச்சானா?" மாமா முதல்முறையாக நிமிர்ந்தார். "அவன்தான் மாப்ளே வேலை தெரிஞ்ச மொதலாளி." பிறகு வெகுநேரம் அண்ணாந்தே நின்றார். பார்த்தது பேழையை அல்ல. பளிங்குக்கும் பளிங்குக்கும் நடுவில் உள்ள இணைப்பை.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாசல் வளைவில் ஒதுங்கினோம். சுவரடியில் தண்ணீர் சிவந்து ஓடியது.

"பாகு நெறத்துல போகுது பாரு" என்றார் மாமா.