வாப்பாவின் சைக்கிளும் மனைவியின் சீட்டுக்காசும்

என் வாப்பா பொட்டணி வியாபாரி. தோட்டங்களில் சம்பளம் போடும் நாட்களில் துணி மூட்டையைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் பக்கத்து லயங்களுக்குப் போவார். இங்கிலாந்தின் ரலி கம்பனி செய்த 'டூரிஸ்ட்' சைக்கிள் அது. 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதிலாக இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படும் பிரேக், கியர் கிடையாது. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். அவர் மௌத்தான பிறகு சைக்கிள் வீட்டுப் பின்புறத்தில் விறகோடு விறகாகச் சாய்ந்து கிடந்தது.

நான் அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து, மௌலவி ஆசிரியராக நியமனம் பெற்று, கடன்பட்டு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கியவன். வாப்பாவின் சைக்கிளை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. பார்க்க வைத்தது 2022ஆம் ஆண்டு. வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ரூபாவானது. காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. புதுச் சைக்கிள் வாங்கலாமென்றால், டொலர் தட்டுப்பாட்டில் அதன் விலையும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது.

விறகுக்குள் கிடந்ததை வெளியே இழுத்தேன். துருவைச் சுரண்டிப் பார்த்தால் சட்டம் அப்படியே உறுதியாக இருந்தது. டயர், டியூப், செயின் மூன்றையும் மாற்றினேன். கறுப்புப் பெயின்ட் அடித்தேன். பின்சக்கரத்தில் 18 பல்லுள்ள ஃப்ரீவீலை எடுத்துவிட்டு 22 பல்லுள்ளதைப் போடச் சொன்னார் சைக்கிள் பாஸ். முன் பல்சக்கரத்தில் 44 பற்கள். ஆகவே மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றும். முன்பு ஏறக்குறைய இரண்டரைச் சுற்று. வேகம் குறையும், ஆனால் ஏற்றத்தில் காலுக்குச் சுமை ஐந்தில் ஒரு பங்களவு குறையும். சின்னச் செலவில் பெரிய ஆறுதல். இனி மூன்று கியருள்ள பழைய ஹப் ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஆசை பிறந்தது.

எங்கள் வீட்டிலிருந்து பாடசாலைக்குக் காலையில் இறக்கம், பின்னேரம் ஏற்றம். என் கவலையெல்லாம் பின்னேரத்தைப் பற்றியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை. பொசுபொசுவென்று மழைத் தூறல். வளைவுக்கு அப்பால் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் பாதையைக் கடந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை அழுத்தினேன். பிடிக்கவில்லை. மீண்டும் பலமாக அழுத்தினேன். சைக்கிள் தன் பாட்டில் போனது. சத்தம் போட்டுக்கொண்டே தேயிலைச் செடிகளுக்குள் திருப்பி விழுந்தேன். அந்தப் பெண்கள்தான் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த வாரம் முதல் அதே கரியரில் என் மகள் உட்கார்ந்து வருவதாக இருந்தாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனைவி காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏற முடியாட்டி இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம். இறங்கிறப்ப நிக்காட்டி என்ன செய்வீங்க? பிஸ்மி சொல்லிட்டுப் போறீங்க, சரி. பிரேக்கையும் பார்த்துட்டுப் போகக் கூடாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எத்தனை வகுப்பில் படிப்பித்திருப்பேன்! பெயின்ட் அடிக்கக் காசு கண்ட எனக்கு பிரேக் கட்டை ஞாபகம் வரவில்லை.

அவள் அலுமாரியைத் திறந்து, சீட்டுப் பிடித்துச் சேர்த்த 15,000 ரூபாவை எடுத்து வைத்தாள். "கியருக்கு இல்ல, பிரேக்குக்கு" என்றாள்.

பாஸ் விளக்கினார். பழைய சைக்கிளின் ரிம் இரும்பு. நனைந்தால் ரப்பர் கட்டை அதில் வழுக்கும். அலுமினிய ரிம்மில் நன்றாகப் பிடிக்கும். இறக்கத்தில் பாரம் முன்னே சாய்வதால் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் பிரேக்குடையது. எனவே காசு குறைவென்றால் முன்சக்கரத்தை முதலில் மாற்ற வேண்டும். முன் ஹப்பில் 32 கம்பிகள். அந்த எண்ணிக்கைக்கு அலுமினிய ரிம் கிடைத்தது. பழைய ஹப்பிலேயே புதுக் கம்பிகள் கோத்துக் கட்டினார். புது ரிம் சற்றுச் சிறியது என்பதால் நீண்ட கைகளுள்ள கேபிள் பிரேக் பூட்டினார். பின் ஹப்பில் 40 கம்பிகள். அதற்கேற்ற அலுமினிய ரிம் கிடைக்கவில்லை. அங்கே கல்லாக இறுகிப்போன கட்டைகளை மாற்றி, வளைந்த கம்பிகளை நிமிர்த்தியதோடு விட்டோம்.

ஒரு பாடமும் சொல்லித் தந்தார். மழையில் வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை இலேசாகத் தொட்டுக்கொண்டு வர வேண்டும். ரிம்மிலுள்ள தண்ணீர் துடைபட்ட பிறகுதான் பிடி கிடைக்கும். முன் பிரேக்கைச் சடுதியாக இறுக்கவும் கூடாது.

மகளை ஏற்றுவதற்கு முன், அவளளவு பாரமுள்ள அரிசி மூட்டையைக் கரியரில் கட்டி, நனைந்த இறக்கத்தில் நாலு முறை நிறுத்திப் பார்த்தேன். வாசலில் நின்று மனைவியும் பார்த்தாள். அதன் பிறகே பிள்ளையை ஏறவிட்டாள்.

பெற்றோல் பங்கீடு 2023இல் முடிந்துவிட்டது. மோட்டார் சைக்கிளும் ஓடுகிறது. ஆனாலும் கடைத்தெருவுக்கும் பள்ளிவாசலுக்கும் வாப்பாவின் சைக்கிள்தான். மூன்று கியர் ஹப் இன்னும் வாங்கவில்லை. செங்குத்தான இடத்தில் வாப்பாவைப் போலவே நானும் இறங்கித் தள்ளுகிறேன்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய சைக்கிள் கிடக்கலாம். அதைத் தூசு தட்டி ஓட்ட ஆசைப்படும் கணவரோ மகனோ இருந்தால் தடுக்காதீர்கள். கையிலுள்ள காசு முதலில் நிறுத்துவதற்கு, அடுத்தது ஏறுவதற்கு, மிஞ்சினால் மினுக்குவதற்கு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். இதை எனக்குக் கற்றுத் தந்தது என் வீட்டுச் சமையலறைதான்.